உருக்குத் தொட்டியின் உட்புறம்

நமது சங்கத்து அன்பர்களுள் தறி நடத்துவோரும் உளர். ஏர் நடத்துவோரும் உளர். இவ்விரு திறத்தாருக்கும் பொதுவாய் அமைந்த உடைமைகளுள் உருக்குத் தொட்டி ஒன்று. சாயக் கூடத்திற்கு வேண்டிய நீர் அதில் நிற்கிறது, டீசல் நிற்கிறது. உறுப்பினர் அனுப்பும் கரும்பு பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவு ஆலைகளில் பிழியப்பட்ட பின்னர், மிஞ்சும் கழிவுப்பாகு நிற்பதும் அத்தகைய தொட்டியிலேயே. தொட்டியின் வெளிப்புறத்திற்கு அவ்வப்போது வர்ணம் தீட்டுகிறோம், பெயரும் எழுதுகிறோம். உட்புறத்தை நோக்குவார் அரியர். ஆயினும் நீர்த் தொட்டி கெடுவது பெரும்பாலும் உள்ளிருந்தே ஆகும். வெளியே முதல் துளி கசியும் நாள், உள்ளே பல்லாண்டு நடந்த காரியம் முடிவெய்திய நாளாகும். ஆதலின் உட்புறத்தைப் பூச்சிட்டுக் காக்கும் முறையை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இரும்பு நம் வட்டாரத்திற்குப் புதிய பொருள் அன்று. அண்டையிலுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டளவினது என 2022இல் அறிவிக்கப்பட்டது. சேலத்துக் கஞ்சமலை இரும்புக் கல்லுக்குப் பெயர் பெற்றது. அக்கல்லில் இரும்பு பிராணவாயுவோடு கூடிக் கிடக்கிறது. கரியும் நெருப்பும் கொண்டு இரண்டையும் பிரிக்கிறோம். பிரிந்த இரும்பு மீண்டும் பிராணவாயுவோடு கூடவே முயலும். அங்ஙனம் கூடிய நிலைதான் துரு. பூச்சு என்பது அக்கூட்டத்தைத் தள்ளிப்போடுவது, என்றென்றைக்குமாகத் தடுப்பதன்று. இதனை உள்ளவாறு அறிந்துகொண்டால், பூச்சு விற்போர் கூறும் உறுதிமொழிகளுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பதும் விளங்கும்.

துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் ஒருங்கே வேண்டும். நீரில் உப்புக் கரைந்திருந்தால் வேலை விரைவுபடும். தொட்டிக்குள் மூன்றிடங்களில் கேடு மிகுதி. முதலாவது, நீர்மட்டம் ஏறியிறங்கும் பட்டை. அங்கே தகடு நனைந்தும் காய்ந்தும் மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டாவது, மூடியின் அடிப்புறம். ஆவி படிந்து துளித்துளியாய் நிற்குமிடம் அது. நீர் தொடாத பகுதியென்று எண்ணிப் பலர் அதனைப் பூசாமலே விட்டுவிடுகின்றனர். மூன்றாவது, அடித்தகட்டில் வண்டல் படிந்த இடம். வண்டலின் கீழே பிராணவாயு குறைவு, சுற்றிலும் மிகுதி. இவ்வேற்றுமையே ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்து, வண்டலின் கீழுள்ள இரும்பைக் கரைக்கிறது. தகடு முழுதும் ஒரே சீராக மெலிந்தால் 5 மில்லிமீட்டர்த் தகடு நெடுங்காலம் நிற்கும். குழிக்குழியாய் அரித்தால் ஏனைய இடமெல்லாம் நன்றாயிருக்கும்போதே ஓரிடத்தில் ஓட்டை விழும். டீசல் தொட்டியிலும் கேடு இவ்விடத்தே தோன்றுகிறது. டீசல் இரும்பைத் தின்பதில்லை; டீசலினும் கனமாகி அடியில் தங்கும் நீரே தின்கிறது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் எண்ணெய்த் தொட்டியின் அடித்தகட்டுக்கு உட்பூச்சு இடுவதற்கென்றே 652 என்ற எண்ணுள்ள நடைமுறை நூலை வெளியிட்டிருப்பதிலிருந்து, பெருந்தொட்டி வைத்திருப்போரும் இதற்கு எத்துணைக் கவனம் செலுத்துகின்றனர் என்பது புலனாகும்.

நம் வட்டாரத்து நீரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பாறையைத் துளைத்தெடுக்கும் கிணற்று நீரில் சுண்ணம் மிகுதி. அது தொட்டியின் உட்புறத்தே வெண்மையாய்ப் படிகிறது. இப்படிவைச் சுரண்டியெடுப்பது பெருந்தொல்லை எனினும், அதுவே ஒருவாறு இரும்பைக் காத்தும் வந்தது. ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. பல்லுக்கும் எலும்புக்கும் அது பெருநன்மை. ஆனால் ஆற்று நீரும், கூரையிலிருந்து சேர்க்கும் மழைநீரும் பாறைக் கிணற்று நீர்போல் சுண்ணத்தைப் படியவிடுவதில்லை. மழைநீர் பழைய படிவையும் மெல்லக் கரைக்கும். நீர் சுண்ணத்தைப் படியவைக்குமா, கரைக்குமா என்று கணித்துரைக்கும் முறையை லாங்கிலியர் என்னும் அமெரிக்க அறிஞர் 1936இல் வகுத்தார். கிணற்று நீருக்கு இருபதாண்டு ஈடுகொடுத்த தொட்டி, நீர் மாறிய பின் முன்போலவே நிற்கும் என நம்பியிருத்தல் ஆகாது.

இனி நெசவாளருக்குரிய செய்தி. தொட்டியில் ஓட்டை விழுந்தால் தகட்டை வைத்து ஒட்டிவிடலாம். துணியில் விழும் ஓட்டைக்கு என் செய்வது? பருத்தி நூலையோ துணியையோ ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொண்டு வெளுக்கும்போது, ஒரு துருத்துகள் இழையின் மேல் அமர்ந்திருப்பின், அவ்விடத்தில் பெராக்ஸைடு வெகு விரைவாகச் சிதைந்து இழையையே அரித்துவிடும். வெளுப்புத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது ஒன்றும் தெரியாது. பின்னர் ஊசிமுனையளவில் ஓட்டைகள் தோன்றும். அல்லது தறியில் இழை அறும். நூல் மட்டம் என்று நூற்பாலையின் மேல் பழி சாரும். உண்மைக் குற்றவாளி கூடத்தின் மேலே வெயிலில் நிற்கும் நீர்த் தொட்டியாக இருக்கலாம்.

சாயத்திலும் இத்தகைய கேடு உண்டு. இரும்பு கலந்த நீர் பல சாயங்களின் ஒளியை மங்கச்செய்யும். சிவப்பு பழுத்துவிடும்; மஞ்சள் கறுக்கும். இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அறிந்து பயன்படுத்தவும் செய்தனர். கலம்காரித் துணி எழுதுவோர் துருப்பிடித்த இரும்பை வெல்ல நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்நீரால் கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதுவர். தொட்ட இடம் கறுக்கும். வேண்டுமென்று செய்யும்போது அது கலை. வேண்டாத இடத்தில் தானே நிகழும்போது அது நட்டம். பருத்திச் சாயத்திற்கு உப்பு ஏராளமாக வேண்டியிருப்பதால், அவ்வுப்பு நீர் தெறிக்கும் சாயக் கூடத்து இரும்பு ஏனைய இடத்து இரும்பைவிட விரைவில் கெடுகிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அவ்வெல்ல நீரின் கதையே கழிவுப்பாகுத் தொட்டிக்கும் பொருந்தும். கெட்டியான பாகு இரும்பை அதிகமாகத் தாக்குவதில்லை. மூடியின் அடியில் படிந்த ஆவி நீராய்ச் சொட்டி மேற்பரப்பை நீர்க்கச் செய்தால், அம்மெல்லிய படலம் புளித்து அமிலமாகும். தொட்டியின் மேல்வளையம் முதலில் அரிக்கப்படுவது இதனாலேயே.

உட்பூச்சு நம் மக்களுக்கு அறியாத தொழிலும் அன்று. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுவதை நம் மூத்தோர் யாவரும் கண்டிருப்பர். தருமபுரிப் புளி பெயர்பெற்றது. ஈயம் பூசாத பித்தளையில் புளி கரைத்தால் குழம்பு களிம்பேறிக் கெடும். ஆகவே உட்புறத்தில் வெள்ளீயம் பூசினார்கள். ஈயம் பூசுவோர் செய்த வேலையைச் சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். மண்ணும் புளியும் இட்டுக் காலால் சுழன்று சுழன்று தேய்ப்பது நெடுநேரம். நவச்சாரம் தூவிக் கலத்தைச் சுடவைப்பது சிறிது நேரம். ஈயத்தை உருக்கிப் பஞ்சால் ஓட்டுவது கண்ணிமைக்கும் நேரம். வேலையின் பெரும்பகுதி பூசுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. உருக்குத் தொட்டியிலும் நிலைமை இதுவே. பூச்சு தோற்றுப்போன இடங்களை ஆராய்ந்தவர்கள், குற்றம் டப்பாவிலுள்ள பொருளில் இருப்பதினும் அதன் கீழுள்ள தகட்டில் இருப்பதே மிகுதி என்று கண்டுள்ளனர். நம் அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்களைக் காண்கிறோம். சுவரோவியம் எதுவாயினும், சுதை பிடித்து நிற்கும் இடத்தில்தான் நிலைக்கும்; சுதை விட்ட இடத்தில் எத்துணை நல்ல ஓவியமும் சுதையோடு உதிரும்.

தகட்டைத் தேய்க்க ஆள் உள்ளே இறங்க வேண்டும். ஆகவே தேய்ப்பதைப் பற்றிக் கூறுமுன் இறங்குவதைப் பற்றிக் கூறுவோம். இப்பகுதியை அன்பர்கள் இருமுறை படிக்க வேண்டுகிறோம்.

வெகுநாள் மூடிக் கிடந்த வெறுந்தொட்டியில் நஞ்சு ஒன்றும் இல்லாவிடினும் உயிர் போகக்கூடும். 10,000 லிட்டர்த் தொட்டியுள் அடைபட்ட காற்றில் ஏறத்தாழ 2¾ கிலோ பிராணவாயு இருக்கும். ஈரமான தொட்டி உள்ளே துருப்பிடிக்கும்போது அத்துரு இப்பிராணவாயுவையே உண்கிறது. பாதியை உண்பதற்கு வேண்டிய இரும்பு 3¼ கிலோ அளவே. அத்தொட்டியின் உட்பரப்பு 25 சதுர மீட்டர் எனக் கொண்டால், அரிக்கப்படும் கனம் 0.016 மில்லிமீட்டர்; தலைமயிரின் கனத்தில் நாலில் ஒரு பங்கு. கண்ணுக்கு அது ஒரு செம்மை படர்ந்தது போலவே தோன்றும். ஆனால் உள்ளே பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டிற்கு இறங்கியிருக்கும். அக்காற்றில் இறங்குபவர் மூச்சுத் திணறலை உணர்வதற்கு முன்பே நினைவிழந்து விழலாம். மேலிருந்து பார்ப்பவர் ‘மயக்கம்’ என்று எண்ணித் தூக்கிவிடக் குதிப்பார்; அவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் ஒருவர் பின் ஒருவராக மாளும் கொடுமையை நாளேடுகளில் படிக்கிறோம். இரும்புத் தொட்டியிலும் அது நேரக்கூடும்.

கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இங்கே கைக்கொள்ளல் ஆகாது. டீசல் ஆவியோ தின்னர் ஆவியோ இருப்பின் விளக்கே தொட்டியை வெடிக்கச் செய்யும். பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி வாடகைக்கும் கிடைக்கிறது. மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில் அளந்து, 19.5 விழுக்காட்டுக்குக் குறைவாயிருப்பின் இறங்கலாகாது. எரியும் ஆவி உள்ளதா என்பதையும் கருவியால் பார்க்க வேண்டும். காற்றை விசிறி கொண்டு குழாய் வழியே அடிவரை செலுத்த வேண்டும். வேலை முடியும்வரை நிறுத்தலாகாது. தூய பிராணவாயுச் சிலிண்டரைத் திறந்துவிடுவது தீயை அழைப்பதாகும். இறங்குபவருக்குக் கச்சும் கயிறும் கட்டி, வாயருகே ஒருவர் இமையாது நிற்க வேண்டும். விபத்து நேர்ந்தால் அவர் கயிற்றை இழுப்பாரேயன்றித் தாமும் இறங்கமாட்டார் என்பதை முன்னரே சொல்லி வைக்க வேண்டும். கைவிளக்கின் மின்னழுத்தம் 24 வோல்ட்டுக்கு மேற்படலாகாது என்பது தொழிற்சாலைச் சட்டத்தில் இடம்பெற்றிருந்த பழைய விதி. ஈர இரும்பின் நடுவே அமர்ந்து வேலை செய்பவருக்கு அதைவிட நல்ல விதி ஒன்றில்லை. இவ்வளவும் இயலாதாயின், தொட்டியின் பக்கத் தகட்டில் ஆள் நுழையும் வாயை வெட்டி அமைத்து, இரு வாயும் திறந்து காற்றோட்டம் உண்டாக்கிய பின் வேலை தொடங்குவது நன்று. ஆனால் டீசல் நின்ற தொட்டியை எரிவாயு கொண்டு வெட்ட முனைதல் கூடவே கூடாது.

இனித் தேய்ப்பு. முதலில் நல்ல நீரால் கழுவி உப்பை நீக்க வேண்டும். உப்பின் மேல் பூசிய பூச்சு, நீரைத் தன் ஊடே இழுத்துக் கொப்புளம் விடும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் போக்க வேண்டும். பின்னர்த் துருவையும், ஆலையிலிருந்து வரும்போதே தகட்டின் மேலுள்ள நீலங்கறுத்த செதிளையும் நீக்க வேண்டும். காற்றழுத்தத்தால் மணியைப் பீச்சித் தேய்ப்பதே சிறந்தது. சுவீடன் நாட்டார் வகுத்து, இன்று உலகெங்கும் வழங்கும் அளவுகோலில் ‘ஸா இரண்டரை’ என்னும் படி உள்தொட்டிக்கு வேண்டப்படுவது. ஆற்று மணலைப் பீச்சுதல் தகாது. அதன் தூசு நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் என்னும் தீராநோயைத் தரும். செம்புக் கசடு, கார்னெட், உருக்கு மணி ஆகியவை உள்ளன. கம்பி பிரஷ் மட்டும் கொண்டு தேய்த்தால் தகடு வழவழப்பாகுமேயன்றித் துரு குழியுள் தங்கும். சிறு தொட்டிக்கு வேறு வழியில்லாதபோது அதனையும் செய்யலாம். ஆனால் அப்பூச்சின் ஆயுள் குறைவென்று தெரிந்தே செய்ய வேண்டும். பற்றவைத்த இடங்களின் கூர்முனைகளை உருட்டிவிட வேண்டும். கூரின் மேல் பூச்சு மெலிந்தே நிற்கும். தேய்த்த தகடு அன்றைக்கே பூசப்பட வேண்டும். மார்கழிக் காலையில் வேண்டாம். பனி படியும் வெப்பநிலையைவிடத் தகடு 3 டிகிரியாவது மிகுந்திருந்தாலன்றிக் கண்ணுக்குத் தெரியாத ஈரம் தகட்டில் நிற்கும்.

எதைப் பூசுவது என்பது, எது நிற்கப் போகிறது என்பதைப் பொறுத்தது. கடைத்தெருவில் எளிதில் கிடைக்கும் ரெட் ஆக்சைடும் அதன் மேல் எனாமலும் சன்னலுக்கும் கதவுக்கும் உரியன. நீருள் மூழ்கிக் கிடக்கும் தகட்டிற்கு அவை உதவா. சில மாதங்களில் மென்மையாகி உரியும். இத்தவற்றையே நாம் மிகுதியாகக் காண்கிறோம். குடிநீருக்கு, குடிநீர்த் தொடர்புக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற எபாக்ஸியே வேண்டும். ஈயச் செந்தூரம் கலந்த பழைய வகை வர்ணத்தையும், தார் கலந்த எபாக்ஸியையும் குடிநீர்த் தொட்டியுள் சேர்க்கவே கூடாது. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற மைய அரசின் விதி 2016இல் பிறந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய தொட்டியைத் தேய்க்கும்போது தூசைக் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். துத்தநாகம் தோய்த்த தகடு தண்ணீருக்கு நன்று. டீசலுக்கும் அமிலத்திற்கும் காரத்திற்கும் ஆகாது. கொதிநீரில் துத்தநாகமும் சாதாரண எபாக்ஸியும் நம்பத்தக்கன அல்ல. அங்கே துருப்பிடிக்காத உருக்கே முறை. பெராக்ஸைடை வெற்று உருக்கில் ஊற்றவே கூடாது. எரிசோடாக் கரைசலோ சாதாரண வெப்பத்தில் வெற்று உருக்கைத் தாக்குவதில்லை.

கந்தக அமிலத்தின் போக்கு விந்தையானது. கடுமையான அமிலம் உருக்கின் மேல் ஒரு கந்தகை உப்புப் படலத்தை உண்டாக்கி, அப்படலத்தாலேயே உருக்கைக் காக்கிறது. அதனால் வெறும் உருக்குத் தொட்டியில் நிற்கிறது. அதில் மழைநீர் புகுந்து நீர்த்துவிட்டால் படலம் கரைந்து தகட்டைத் தின்னத் தொடங்கும். பலமுடையது காக்கவும் பலங்குன்றியது அழிக்கவும் செய்யும் இதனை, பெயரைக் கொண்டு மட்டும் கணிக்க முடியாது என்பதற்காகவே குறிப்பிட்டோம்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. 25 சதுர மீட்டர்ப் பரப்பில் உலர்ந்த பின் 300 மைக்ரான், அதாவது 0.3 மில்லிமீட்டர்க் கனம் நிற்க வேண்டுமெனில், உலர்ந்த பூச்சின் கொள்ளளவு 7½ லிட்டர். டப்பாவில் உள்ளதில் நூற்றுக்கு 75 பங்கே தகட்டில் தங்குவது எனில் 10 லிட்டர் வேண்டும். சிந்துவதும் பிரஷில் நிற்பதும் சேர 12 லிட்டர். ஒப்பந்தக்காரர் 5 லிட்டரில் முடித்துவிட்டதாகக் கூறினால் கனம் நிற்கவில்லை என்பதைத் தொட்டியுள் இறங்காமலே அறியலாம். காலி டப்பாக்களை எண்ணி வாங்கிக்கொள்வது நல்ல வழக்கம். இரண்டு கைகளுக்கு இரண்டு நிறம் கேளுங்கள். விடுபட்ட இடம் தானே தெரியும். மூலைகளுக்கும் பற்றுவைப்புக்கும் முதலில் பிரஷால் தனியாக ஒரு கை ஓட்ட வேண்டும். எபாக்ஸியோடு வரும் இரண்டாம் டப்பாவை அளவு பிசகாமல் கலக்க வேண்டும், குறைத்தால் இறுகாது, கூட்டினாலும் கெடும்.

உலர்ந்ததும் ஈரப்பஞ்சு கொண்டு சோதிக்கும் கருவியால் ஊசித்துளைகளைத் தேடலாம். 67½ வோல்ட் அளவே கொண்ட இக்கருவி, பஞ்சு துளையின் மேல் செல்லும்போது ஒலி எழுப்பும். பித்தளை வால்வு பொருத்திய தொட்டியில் இச்சோதனை மிக வேண்டும். பித்தளைக்கும் உருக்குக்கும் இடையே எழும் மின்னோட்டம் முழுதும் அச்சிறு துளையிலேயே குவிந்து தகட்டைத் துளைக்கும். பூசி முடிந்தபின் பொருளின் குறிப்பில் கண்ட நாள் வரை, பொதுவாக ஒரு வாரம், ஆறவிட்டு, நீர் நிரப்பி ஒருமுறை கொட்டிய பிறகே பயன்படுத்தலாம்.

ஐயம் எழுந்தால் கேட்பதற்கு நம் நாட்டிலேயே இடம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பையும் பூச்சுகளையும் ஆராய்வதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. உப்புக்காற்று வீசும் மண்டபத்திலும் அதற்குச் சோதனைக் களம் உண்டு.

தொட்டியின் வெளிப்புறத்தில், சங்கத்தின் பெயருக்குக் கீழே, உள்ளே பூசிய பொருளின் பெயர், பூசிய மாதம், ஆண்டு, எத்தனை மைக்ரான், உள்ளே எது நிற்கலாம் என்ற ஐந்தையும் எழுதி வைக்க வேண்டும். நீர்த் தொட்டியாயின் முதலாண்டு முடிவில் நீரை இறைத்து, காற்றைச் சோதித்து, நீர்மட்டப் பட்டையையும் மூடியின் அடியையும் அடித்தகட்டையும் பார்க்க வேண்டும். கொப்புளம் ரூபாய் நாணய அளவில் இருக்கும்போதே கண்டால் ஒரு முற்பகல் வேலை. துரு நீர் சாயத்தொட்டிக்கு இறங்கிய பின் கண்டால் அந்த ஈட்டு நூல் முழுவதும் கணக்கில் எழுத வேண்டியதாகும்.